தோட்டத்து வண்டியும் அதன் எண்ணெயும்

தோட்டத்துச் சுமைவண்டிக்குப் பெட்ரோலா டீசலா என்னும் வினா, விலைப்பலகையை ஒருமுறை நோக்கி விடைகாணத்தக்க சிறு வினாவாகத் தோன்றலாம். நெகிரி செம்பிலான் தோட்டங்களின் வரலாற்றை அறிந்தவர்க்கு அஃது அவ்வளவு சிறிதன்று. நிலத்தில் நின்ற பயிர் எது, நாட்டை ஆண்டவர் யாவர், வண்டி யாருக்கு உடைமையாயிருந்தது என்பனவற்றைப் பொறுத்தே அதன் விடை காலந்தோறும் மாறி வந்துள்ளது.

இரப்பர்க் காலத்தில் தோட்டத்துக்குள் மோட்டார் வண்டிக்கு வேலை குறைவு. பாலை வாளியில் சுமந்து கொட்டகைக்குக் கொணர்ந்தவர் ஆணும் பெண்ணுமாகிய தொழிலாளரே. புகையூட்டிய தகடு சில நாள் கிடந்தாலும் கெடாது. மாட்டுவண்டி அதனை இரயில் நிலையத்தில் சேர்த்தால் போதும். சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் துறைக்கு 1891-ஆம் ஆண்டிலேயே இருப்புப்பாதை திறக்கப்பட்டிருந்தது.

செம்பனை அத்தகைய பொறுமை உடையதன்று. வெட்டிய குலை ஏறத்தாழ 24 மணி நேரத்துக்குள் ஆலையை அடைந்து அவிக்கப்படாவிடில் எண்ணெயில் அமிலம் மிகுந்து விலை குன்றும். 1960-களிலிருந்து இரப்பர் மரங்கள் சாய்க்கப்பட்டுச் செம்பனை பரவியபோது, மழைச் சேற்றிலும் மேட்டிலும் குலையேற்றி ஓடும் வண்டி தோட்டத்தின் உயிர்நாடி ஆயிற்று. (இரப்பரைப் பேச்சில் 'கித்தா' என்றது மலாய்ச் சொல்லின் திரிபு. செம்பனையோ பழத்தின் நிறம்பற்றி அமைந்த நல்ல தமிழ்ப் பெயர். அதே மரத்தை இலங்கைத் தோட்டத் தமிழர் முள்ளுத்தேங்காய் என்பர்.)

செம்பனை எண்ணெய் வண்டிக்கும் உணவாகும் என்பதை அதற்கு முன்பே மலாயா கண்டிருந்தது. 1942 ஜனவரியில் சிரம்பான் ஜப்பானியர் வசமாயிற்று. பெட்ரோல் படைக்கே போதாத நிலை. லாரிகள் கரியை எரித்து வரும் வாயுவால் ஓடின. ஏற்றுமதியின்றித் தேங்கிய இரப்பரைக் காய்ச்சிச் சிதைத்து எரியெண்ணெய் வடித்தனர். டீசல் எஞ்சின்களில் செம்பனை எண்ணெயை ஊற்றினர். பால்வெட்டிய தமிழர் ஆயிரக்கணக்கில் சயாம் இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட ஆண்டுகளும் அவையே.

இஃது ஜப்பானியர் கண்ட புதுமையன்று. 1900-ஆம் ஆண்டுப் பாரிஸ் பொருட்காட்சியிலேயே ஒரு சிறு டீசல் எஞ்சின் கடலை எண்ணெயில் ஓடியது. 1937-இல் பெல்ஜிய நாட்டு அறிஞர் சாவான், செம்பனை எண்ணெயைச் சாராயத்தோடு வினைப்படுத்தி மெலிதாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். மறு ஆண்டு அவ்வெண்ணெயால் பிரசல்சுக்கும் லூவனுக்கும் இடையே ஒரு பேருந்து ஓடியது.

இவ்வளவும் டீசலுக்கே இயன்று பெட்ரோல் எஞ்சினுக்கு இயலாமற்போன காரணம் எளிது. பெட்ரோல் எஞ்சின், ஆவியாகும் எரிபொருளைக் காற்றோடு கலந்து மின்பொறியால் கொளுத்துவது. டீசல் எஞ்சினோ காற்றை மட்டும் பதினாறில் ஒரு பங்கு, அதற்கும் குறைவாக நெருக்கிக் கொதிக்கவைத்து அதனுள் எண்ணெயைப் பீச்சுவது. எளிதில் ஆவியாகாத தாவர எண்ணெயும் அங்கே எரியும். தடிப்பு ஒன்றே தடை. 40 பாகை வெப்பத்தில் செம்பனை எண்ணெய் டீசலைவிடப் பத்து மடங்கு அளவு தடித்தது. நாளடைவில் பீச்சுமுனையில் கரி படியும். சாவான் மெலிதாக்க முயன்றது இதற்காகவே.

போருக்குப்பின் பெட்ரோல் திரும்பியது. 1948-இல் வெளிவந்த லேண்ட் ரோவர் முதலில் பெட்ரோல் வண்டியே. டீசல் வகை 1957-இல் வந்தது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் துரைமார் இரும்புத்தகடு பொருத்திய வண்டிகளில் சுற்றினர். தொழிலாளருக்கு அத்தகைய காப்பு இல்லை. 1968-இல் தோன்றிய ஜப்பானிய ஹைலக்ஸ் பிக்கப்பும் பெட்ரோலிலேயே தொடங்கியது. பின்னர் டீசல் வென்றது. மெதுவாகச் சுழலும்போதே மிகுந்த இழுவிசை தருவதாலும், ஒரு லிட்டருக்குக் கூடுதல் தூரம் ஓடுவதாலும், அரசு மானியத்தால் விலை தாழ்ந்திருந்ததாலும் வென்றது என்க. இம்மூன்றனுள் முதலிரண்டும் எஞ்சினின் இயல்பு. மூன்றாவது அரசின் கையிலிருந்தது. அவ்வேறுபாடு 2024-இல்தான் எல்லார்க்கும் புலனாயிற்று.

அதற்கிடையே செம்பனை மீண்டும் தொட்டிக்குள் புகுந்தது. 1979-இல் நிறுவப்பட்ட மலேசியச் செம்பனை எண்ணெய் ஆய்வுக் கழகம் 1980-களில் மெத்தில் எஸ்டர் என்னும் மெலிதாக்கிய எண்ணெயைப் பேருந்துகளில் நெடுநாள் ஓட்டிச் சோதித்தது. இவ்வளவு ஆய்வுக்குப் பின்னும் 2006-இல் எஸ்டராக்காத எண்ணெயையே நூற்றுக்கு 5 பங்கு டீசலில் கலக்கும் திட்டமொன்று எழுந்தது வியப்பே. எஞ்சின் செய்வோர் உடன்படாமையால் அது கைவிடப்பட்டது. எஸ்டர் கலந்த டீசல் 2011 ஜூனில் புத்ராஜெயாவில் தொடங்கி, அவ்வாண்டே நெகிரி செம்பிலான் உள்ளிட்ட நடுப்பகுதி மாநிலங்களுக்கு வந்தது. நூற்றுக்கு ஐந்தாயிருந்த பங்கு 2014-இல் ஏழாகவும் 2019-இல் பத்தாகவும் உயர்ந்தது.

வீட்டிலேயே எண்ணெய் செய்துகொண்டால் என்ன என்பாரும் உளர். முறை கேட்பதற்கு எளியது. பொரித்த எண்ணெயை வடிகட்டி நீர் போக்கி, லிட்டருக்கு ஏறக்குறைய 200 மில்லி மெத்தனாலும் சில கிராம் காஸ்டிக் சோடாவும் சேர்த்துச் சுடுபதத்தில் கலக்கினால், கிளிசரின் அடியில் தங்க எஸ்டர் மேலே நிற்கும். ஆனால் மெத்தனால் கண்பார்வையையும் உயிரையும் பறிக்கும் நஞ்சு. பகலில் அதன் சுடர் கண்ணுக்குத் தெரியாது. எஞ்சிய நீரையும் கிளிசரினையும் கழுவி நீக்குவதிலேயே முழுத் திறமையும் இருக்கிறது. பழைய டீசல் எஞ்சின் சிறு குறைகளைப் பொறுத்தது. ஆயிரம் வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் பீச்சும் இக்கால எஞ்சின் பொறுப்பதில்லை. பழுதானால் செலவு, எண்ணெயில் மிச்சப்படுத்தியதைப் பன்மடங்காக விழுங்கும். மேலும் எஸ்டர் இயற்கை இரப்பர்க் குழாய்களை ஊறவைத்துக் கெடுக்கும். இரப்பரை வெட்டி எறிந்த நிலத்தில் விளைந்த எண்ணெய்க்கு வண்டிக்குள்ளும் அதே பகைபோலும்!

2024 ஜூன் 10 அன்று தீபகற்ப மலேசியாவில் டீசலின் பொதுமானியம் நீக்கப்பட்டது. லிட்டர் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசாயிற்று. தோட்டங்கள் குடியிருப்புகளாக மாறி, லயத்தைவிட்டு வெளியேறிய குடும்பங்களுள் பழைய பிக்கப் ஒன்றை வாங்கிக் குத்தகைக்குக் குலையேற்றுவோரை இவ்வுயர்வு நேராகத் தாக்கியது. மாதம் 2,000 கிலோமீட்டர் ஓட, லிட்டருக்கு 10 கிலோமீட்டர் என்று கொண்டால், 200 லிட்டர் வேண்டும். 430 வெள்ளிச் செலவு 670 ஆகும். தகுதியுடையோர்க்கு அரசு தந்த மாத உதவி 200 வெள்ளி. துண்டு விழுவது 40. உதவிக்குத் தகுதி பெறாதவர்க்கு 240 வெள்ளியும் கைச்செலவே. பெட்ரோலோ அப்போது 2 வெள்ளி 5 காசிலேயே நின்றது. எனினும் பெட்ரோல் பிக்கப் சந்தையில் அரிது. ஓடிக்கொண்டிருக்கும் டீசல் வண்டியை விற்று மாறுவதற்கு முதலும் வேண்டும்.

நூற்றுக்குப் பத்துப் பங்கு கலந்த டீசலை 80 லிட்டர் தொட்டி நிறைய ஊற்றினால், அதில் 8 லிட்டர் செம்பனையினது. எடையில் ஏறத்தாழ 7 கிலோ. குலையின் எடையில் ஐந்திலொரு பங்கே எண்ணெயாதலின், அதற்கு 35 கிலோ பழம் வேண்டும். தொட்டி நிரப்பும் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய இரண்டு குலைகள் வண்டியின் தட்டில் அல்லாது எஞ்சினுக்குள் ஏறுகின்றன.