பிரெஞ்சுப் பெயரும் பெண்மகவும்

மகவு பிறந்ததும் தொட்டிலிட்டுப் பெயர் சூட்டி மகிழ்தல் நம் தொன்றுதொட்ட வழக்கம். பாட்டியின் பெயரையோ குலதெய்வத்தின் பெயரையோ இடுதல் பழைய மரபு. இந்நாளில் நம் பெங்களூர்க் குடியிருப்புகளில் பெண்மகவுக்கு ‘அமேலி’, ‘சோஃபி’ எனப் பிரெஞ்சுப் பெயரிட்டு, இரண்டாம் பெயரொன்றும் சேர்க்க விழைவார் உளர். அவ்விழைவைப் பழித்தல் நம் கருத்தன்று. ஆயினும், தமிழர் பிரெஞ்சுப் பெயர் பூண்ட வரலாறொன்று புதுச்சேரியில் உண்டு. அதனை அறிந்து பெயர் தேர்தல் நலம்.

பிரெஞ்சு மரபில் குடும்பப் பெயர் தலைமுறைதோறும் தொடர்ந்து வரும். அதன் முன்னே இடுபெயர்கள் இரண்டு மூன்று அமையும். அவற்றுள் ஒன்றே அழைக்கும் பெயர். ஏனையவை பாட்டியர், ஞானப்பெற்றோர் ஆகியோர் நினைவாகப் பதிவேட்டில் நிற்பன. ‘மரீ-தெரேஸ்’ என இரண்டைச் சிறுகோட்டால் இணைப்பின் அஃது ஒரே பெயராகும். நம் மரபோ வேறு. தந்தை பெயரின் முதலெழுத்தே நமக்குத் தலைப்பெழுத்து. அது தலைமுறைக்குத் தலைமுறை மாறும். கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் கேட்கும்போது நம்மவர் திகைப்பது இதனாலேயாம்.

இவ்விரு மரபுகளும் புதுச்சேரியில் எதிர்ப்பட்டன. பிரெஞ்சு ஆட்சியிலும் அங்குள்ள தமிழர் மணத்திலும் சொத்துரிமையிலும் தத்தம் சாதி வழக்கங்களையே பின்பற்றினர். 1873-இல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்னும் வழக்கறிஞர் ஐரோப்பியரைப்போல் காலணியும் காலுறையும் அணிந்து நீதிமன்றம் புகுந்தார். நீதிபதி தடுத்தார். வழக்கு பாரிசு நகரின் உயர்ந்த நீதிமன்றம் வரை சென்றது. வெற்றி பொன்னுத்தம்பியார்க்கே கிட்டியது.

பின்னர், 1881 செப்டம்பர் 21-ஆம் நாள் ஓர் ஆணை பிறந்தது. சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்க விரும்புவோர் ஏற்கலாம். ஏற்போர் தமக்கும் வழித்தோன்றல்கட்கும் குடும்பப் பெயரொன்று தேர்தல் வேண்டும். ஏற்றபின் மீளுதல் இயலாது. இங்ஙனம் துறந்தோர் ‘ரெனோன்சான்’ எனப்பட்டனர். அவருள் கிறித்தவர் பலர். தாழ்த்தி வைக்கப்பட்ட மக்களும் பலர். பொன்னுத்தம்பியார் ‘லப்போர்த்’ என்னும் பெயரைத் தேர்ந்தார். வாயில் என்பது அதன் பொருள். சண்முக வேலாயுத முதலியார் போன்றோர் மரபு காக்கவேண்டி இவ்வியக்கத்தைக் கடுமையாக எதிர்த்தனர்.

பெண்மகவைப் பெற்றோர் சிந்திக்கவேண்டிய இடம் இதுவே. தந்தை துறந்தால் மனைவியும் வயதுவராத மக்களும் துறந்தவராயினர். தொட்டிலிற் கிடந்த குழவிக்கும் அப்பெயர் வந்தது. பெயருடன் உரிமையும் வந்தது. பழைய வழக்கில் ஆண்மக்கள் இருக்கப் பெண்ணுக்குத் தந்தை சொத்தில் பங்கில்லை. பிரெஞ்சுச் சட்டத்திலோ மகனும் மகளும் சமம். ஆகவே அன்று அப்பெயர் வெறும் ஒலியணியன்று. சாதிக்கட்டை விட்டமைக்கும் மகளுக்குப் பங்கு கிடைத்தமைக்கும் அடையாளம்.

இன்று அவ்வுரிமைக்குப் பெயர் மாற்ற வேண்டுவதில்லை. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் வழி திறந்தது. கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமையைத் தமிழகம் 1989-லும், கருநாடகம் 1994-லும், இந்தியா முழுவதும் 2005-லும் வழங்கின.

இனிப் பெயர் தேர்வார்க்குச் சில சொற்கள். ‘ரெனே’ என்பது இருபாலார்க்கும் ஒரே ஒலி. பிரெஞ்சு எழுத்தில் மட்டுமே பெண்பாலுக்கு ஓரெழுத்து மிகும். தமிழில் எழுதின் வேறுபாடு மறையும். எனவே பொருளும் ஒலியும் அறிந்து, பாட்டியின் நாவுக்கும் எளிதாம் பெயரைத் தேர்க. இரண்டாம் பெயர் வைப்பின், பிறப்புப் பதிவிலும் பள்ளியிலும் கடவுச்சீட்டிலும் ஒன்றுபோல் எழுதுக. பயணச்சீட்டில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் வேறொரு பெயருமாய் வந்து வருந்துவோரை இருப்புப்பாதை அலுவலில் யாம் அடிக்கடி காண்கிறோம்.

அமேலி ஆயினும் அமுதவல்லி ஆயினும் பெயர் பெற்றோரின் விருப்பம். மகளின் பங்கோ அவள் உரிமை. பெயரைப் புதிதாக்கி உரிமையைப் பழையபடி மறுப்போமாயின், புதுச்சேரி கற்பித்த பாடத்தைக் கல்லாதவராவோம்.

வாழ்க நம் பெண்மக்கள்! வளர்க தமிழ்ச் சங்கம்!