வரைபடத்துல ரெண்டு கதவு, போட்டோவுல நாலு கதவு... ஹெரால்டு காரை மினியேச்சரா செய்வது எப்படி?

எங்க ஊர் திருவாதவூர். நரி பரியான கதை தெரியும்ல, அந்த மாணிக்கவாசகர் பிறந்த ஊர். அங்கே எங்க பெரியப்பா ஒருகாலத்துல ஸ்டாண்டர்டு ஹெரால்டு வெச்சிருந்தார். வண்டி காயலான் கடைக்குப் போய் வருஷக்கணக்கா ஆச்சு. மிச்சம் இருக்கறது ஒரே ஒரு போட்டோ. அதை வெச்சு வண்டியை மறுபடி செஞ்சு அவர் கையில கொடுக்கணும்னு இறங்கினேன். நரியைப் பரியாக்கறதைவிட இது சுலபம்னு நினைச்சுட்டேன் பாஸ்!

நீங்களும் இப்படி ஒரு காரை செய்ய நினைச்சா, கடையில கிட் கிடைக்குதான்னு முதல்ல பாருங்க. ஹெரால்டு விஷயத்துல சிக்கல் இதுதான். 1959-ல் இங்கிலாந்தில் வந்த ட்ரையம்ப் ஹெரால்டின் இந்திய வடிவம் இது. டிசைன், இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கலோட்டி. 1961 முதல் சென்னையில ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி இதைத் தயாரிச்சது. 1960-களின் கடைசியில நாலு கதவு வெச்ச ஹெரால்டு வந்தது நம்ம ஊர்ல. இங்கிலாந்து ஹெரால்டு சலூனுக்கு ரெண்டே கதவுதான். இணையத்துல கிடைக்கற வரைபடங்கள் பெரும்பாலும் அந்த ரெண்டு கதவு வண்டிக்கானவை. பெரியப்பா வண்டிக்கு நாலு கதவு. ஸோ, டவுன்லோடு பண்ணி அப்படியே வெட்டறதுங்கற பேச்சுக்கே இடமில்லை.

வரைபடத்தை நம்பறதுக்கு முன்னாடி ஒரு சோதனை. ட்ரையம்ப் ஹெரால்டின் வீல்பேஸ், அதாவது முன் சக்கர மையத்துக்கும் பின் சக்கர மையத்துக்கும் இடையிலான தூரம், 91.5 இன்ச். மொத்த நீளம் 153 இன்ச். முதலாவதை இரண்டாவதால வகுத்தா 0.598. உங்க வரைபடத்துல அளந்து வகுத்தா இதுக்குப் பக்கத்துல வரணும். 0.57, 0.62-னு வந்தா அந்தப் படத்தையே தப்பா வரைஞ்சிருக்காங்கன்னு அர்த்தம். பக்கவாட்டுப் படத்துல வர்ற நீளமும் மேலிருந்து பார்க்கற படத்துல வர்ற நீளமும் ஒண்ணா இருக்கான்னும் பாருங்க. பல படங்கள் இங்கேயே கவுந்துடும்.

அடுத்து அளவு. 1:24-ன்னா நிஜ அளவை 24-ஆல வகுக்கணும். வீல்பேஸ் 96.8 மி.மீ, நீளம் 162, அகலம் 63.5, உயரம் 55. இங்க்ஸ்கேப் மாதிரி இலவச மென்பொருள்ல படத்தைப் போட்டு, சக்கர மையங்களுக்கு நடுவே 96.8 மி.மீ கோடு வரைஞ்சு, படம் அதுக்குப் பொருந்தற வரை பெரிசு பண்ணுங்க. அகலத்தையும் உயரத்தையும் தனித்தனியா இழுக்காதீங்க.

இப்போ கதவு. நேர் பக்கவாட்டுல எடுத்த நாலு கதவு ஹெரால்டு போட்டோ ஒண்ணு வேணும். அதுலயும் சக்கர மையங்கள்தான் ஸ்கேல். போட்டோவுல அந்த தூரத்தை அளந்து, நடுத்தூண் முன் சக்கரத்துல இருந்து அதுல எத்தனை பங்கு தள்ளி இருக்குன்னு கணக்குப் போட்டு, வரைபடத்துல கோடு இழுங்க. பழைய கார் அணிவகுப்புல நிஜ வண்டி மாட்டினா பக்கத்துல போய் கிளிக் பண்ணாதீங்க. போன் கேமரா, பக்கத்துல இருக்கறதை ஊதிக் காட்டும். எட்டுப் பத்து மீட்டர் தள்ளி நின்னு ஜூம் பண்ணுங்க.

பிரின்ட் எடுக்கும்போது பக்கத்துலயே 100 மி.மீ கோடு ஒண்ணு போட்டு வைங்க. நான் போடலை. ஜெராக்ஸ் கடையில ‘ஃபிட் டு பேஜ்’ல அடிச்சுட்டாங்க. 96.8 வரவேண்டியது 93 தான் வந்துச்சு. அது தெரியாம ஒரு பாடியையே வெட்டி முடிச்சு, சக்கரம் மாட்டும்போதுதான் முழிச்சேன்.

பாடிக்கு பேனர் கடைக்காரங்க வெச்சிருக்கற 3 மி.மீ சன்போர்டு (பிவிசி) போதும். பக்கவாட்டு வடிவத்துல 21 துண்டு வெட்டி அடுக்கி ஒட்டினா 63 மி.மீ. மீதி அரை மில்லிமீட்டரை பட்டி பார்த்துக்கும். நடுத் துண்டுகள்ல கேபின் இடத்தையும், வெளித் துண்டுகள்ல சக்கர வளைவையும் முன்னாடியே வெட்டி எடுத்துடுங்க. தெர்மாகோல் வேண்டாம், ஸ்ப்ரே பெயின்ட் அதைத் தின்னுடும்.

ஹெரால்டுல ஒரு வசதி. நிஜ வண்டியே தனி சேஸிஸ் மேல துண்டு துண்டா போல்ட் போட்டு மாட்டினதுதான். முன் மட்கார்டும் பானெட்டும் ஒரே துண்டா முன்பக்கம் சாயும். கூரையும் தனி. நீங்களும் பானெட், நடு பாகம், பின்பாகம், கூரைன்னு தனித்தனியா செஞ்சு சேருங்க. ஒண்ணு சொதப்பினா அதை மட்டும் தூக்கிப் போடலாம்.

வளைவுகளை கண் மதிப்புல தேய்க்கக் கூடாது. முன்பக்கப் படத்தின் வெளிக்கோட்டை சார்ட்ல வெட்டி, உள்பக்கத்தை எறிஞ்சுட்டு மிச்ச ஓட்டையை அச்சா வைங்க. உப்புத்தாள்ல தேய்ச்சு, அச்சைப் போட்டுப் பார்த்து, மறுபடி தேய்ங்க. 220-ல ஆரம்பிச்சு 400, 800-க்கு போங்க. உயிரை எடுக்கறது பின் மட்கார்டுல இருக்கற துடுப்பு மாதிரி விளிம்புதான். சன்போர்டுல வராது. எம்-சீலை உருட்டி வெச்சு, இறுகினதும் செதுக்குங்க. நான் இடது பக்கத்தை மூணு தடவை செஞ்சேன்.

கதவு இடுக்கு நிஜத்துல 4 மி.மீன்னா மாடல்ல 0.17 மி.மீ. கத்தியோட முதுகால லேசா கீறினா போதும். ஆனா, கெட்டியா பெயின்ட் அடிச்சா அது மூடிக்கும். க்ரே பிரைமர் ஒரு கோட், அப்புறம் மெல்லிசா மூணு கோட். கண்ணாடிக்கு ஓ.ஹெச்.பி ஷீட். ரிம் 13 இன்ச், மாடல்ல 13.8 மி.மீ.

ஆறு வாரம் கழிச்சு க்ரீம் கலர் ஹெரால்டை பெரியப்பா முன்னாடி வெச்சேன். கண்ணாடியைப் போட்டு, திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின் கதவுகிட்ட விரல் நின்னுச்சு. “கைப்பிடி இவ்வளவு கீழ இருக்காதுடா. உங்க பெரியம்மா முந்தானை அதுலதான் மாட்டும்.”

போட்டோவை எடுத்துப் பார்த்தேன். நான் எடுத்து வெச்ச போட்டோவுல அந்தக் கைப்பிடியை மறைச்சபடி யாரோ நிக்கறாங்க. இப்போ பெயின்ட்டைச் சுரண்டிட்டு இருக்கேன்.