உலர்ந்த பல் என்னும் கருத்து: வேர்ச்சிகிச்சை பெற்ற பல்லைச் சீரமைத்த வரலாறு

பற்கூழ் அழுகியபின் வேர்க்கால்வாயைத் துப்புரவு செய்து அடைக்கும் சிகிச்சை, பல்லை வலியிலிருந்து விடுவிக்கிறது. எனினும் அப்பல் பின்னர் மெல்லும்போது பிளந்துபோவதும் உண்டு. பிளவு வேர்வரை இறங்கிவிட்டால் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. இதற்குப் பல் மருத்துவம் நெடுங்காலம் ஒரே காரணத்தைக் கூறிவந்தது: கூழை இழந்த பல் நீர்வற்றிப் பட்டமரம்போல் நொறுங்குதன்மை அடைகிறது என்பதே அது. கேட்டவுடன் நம்பத்தக்கதாய்த் தோன்றும் இவ்விளக்கமே, எஞ்சிய பல்லை எவ்வளவு அராவலாம், எதைக்கொண்டு நிரப்பலாம் என்பவற்றைத் தீர்மானித்தது. அக்கருத்து ஐயத்திற்கு உள்ளானதையும், பல் மருத்துவர் காம்போசிட் என வழங்கும் கலப்புப் பிசின் அவ்விடத்தில் நுழைந்ததையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

வேரினுள் உலோகத் தண்டைச் செருகி அதன்மேல் செயற்கைப் பல்லை நிறுத்தும் வழக்கம் பழமையானது. பிரான்சில் பியேர் ஃபொஷார் 1728இல் வெளியிட்ட நூலிலேயே இதற்குப் பொன், வெள்ளித் தண்டுகள் விவரிக்கப்பட்டுள்ளன. தண்டு முதலில் பிடிமானத்துக்கான பொருளே. நொறுங்கும் பல் என்னும் கருத்து வேரூன்றியபின் அதுவே பல்லுக்கு முதுகெலும்பாகவும் எண்ணப்பட்டது. டென்டினின் மீள்திறன் கெழு ஏறத்தாழ 18 கிகாபாஸ்கல்; துருப்பிடிக்கா எஃகினுடையது 200 அளவில் உள்ளது. வளையாத தண்டு விசையை வேருக்குள் செலுத்த, வேரே பிளக்கலாயிற்று. சிகிச்சை பெற்ற 1273 பற்களின் பதிவுகளை ஆராய்ந்து சோரென்சனும் மார்ட்டினாஃபும் 1984இல் வெளியிட்ட ஆய்வு, தண்டு பல்லை வலுப்படுத்தவில்லை எனக் கண்டது. பின்பற்களின் முகடுகளை மூடிய உறையே அவற்றைக் காத்தது.

நீர்வற்றல் கருத்துக்கு ஆதரவாக நின்ற சான்று 1972இல் ஹெல்ஃபர் முதலியோர் நாய்ப்பற்களில் செய்த அளவீடு. கூழற்ற பல்லில் ஈரம் 9 விழுக்காடு குறைவு என அது காட்டியது. மனிதப் பற்களில் நிலைமை வேறாக இருந்தது. 1992இல் செட்க்லியும் மெசரும் சிகிச்சை பெற்ற 23 பற்களை, அதே மனிதரின் வாயில் எதிர்ப்புறமிருந்த உயிருள்ள பற்களோடு ஒப்பிட்டனர். ஒரே வாய், ஒரே உணவு, ஒரே வயது. இதைவிட நேர்மையான ஒப்பீடு கிடைப்பது அரிது. வெட்டுவலிமை, கடினம், முறியும் சுமை எனப் பலவாறு சோதித்தும் கடினத்தில் மட்டுமே 3.5 விழுக்காடு வேறுபாடு தென்பட்டது. 1994இல் பாப்பா, கெயின், மெசர் ஆகியோர் ஈரத்தையே அளந்தபோது உயிருள்ள பல்லில் 12.35 விழுக்காடும், சிகிச்சை பெற்றதில் 12.10 விழுக்காடும் இருந்தன.

அவ்வாறாயின் பல் பிளப்பது ஏன்? விடை 1989இலேயே வந்துவிட்டது. ரீ, மெசர், டக்ளஸ் மூவரும் மேல் முன்கடைவாய்ப் பற்களைப் படிப்படியாகக் குடைந்து அவற்றின் விறைப்பை அளந்தனர். வேர்ச்சிகிச்சைக்கான துளை விறைப்பில் 5 விழுக்காட்டை மட்டுமே குறைத்தது. மெல்லும் பரப்பில் வெட்டிய குழி 20 விழுக்காட்டையும், முன்பின் பக்கச் சுவர்கள் இரண்டையும் நீக்கிய குழி 63 விழுக்காட்டையும் பறித்தன. பல்லைப் பலவீனமாக்கியது கூழின் இழப்பன்று, சுவர்களின் இழப்பே. சொத்தை தின்றதும் மருத்துவர் வெட்டியதுமே மூலகாரணம் என்பது தொழிலுக்கு இனிய செய்தியாக இருந்திருக்க முடியாது.

இழந்த சுவரை மீட்க வேண்டுமெனில் நிரப்புபொருள் பல்லோடு ஒட்ட வேண்டும். ரசக்கலவை ஒட்டாது, முகடுகளுக்கிடையே அமர்ந்திருக்கும், அவற்றைப் பிணைக்காது. ஒட்டும் வழியை ரோச்செஸ்டரில் மைக்கேல் பூனகோர் 1955இல் காட்டினார். உலோகத்தில் வண்ணப்பூச்சு பற்றிக்கொள்ளத் தொழிற்சாலைகள் பாஸ்பாரிக் அமிலம் பூசுவதை அறிந்து, 85 விழுக்காட்டு அமிலத்தை எனாமல்மீது 30 விநாடி இட்டார். பிஸ்-ஜிஎம்ஏ பிசினில் சிலிக்காத் துகள்களைச் சேர்த்து ரஃபேல் போவன் 1962இல் காப்புரிமை பெற்றார். டென்டினிலும் அமிலம் இடலாம் என 1979இல் ஜப்பானின் ஃபுசயாமா கூறியபோது, கூழ் பாதிக்கப்படும் என மேலைநாட்டார் தயங்கினர். கூழே இல்லாத பல்லுக்கு அத்தயக்கம் பொருந்தாது என்பது கவனிக்கத்தக்கது. பிசின் டென்டினுள் ஊடுருவி உண்டாக்கும் கலப்படலத்தை நகபயாஷி 1982இல் விளக்கினார்.

இதன்பின் ஆய்வகங்களில் முறிவுவலிமைச் சோதனைகள் பெருகின. பிடுங்கிய பல்லில் காம்போசிட் நிரப்பி, அழுத்தப் பொறியில் முறியும்வரை சுமையேற்றுவது அவற்றின் முறை. ஆயினும் வாயில் பல் ஒரே அழுத்தத்தில் அரிதாகவே முறிகிறது. பல்லாயிரம் சிறு மெல்லல்களில் சோர்ந்தே விரிசல் காண்கிறது. ஆகவே நியூட்டன் எண்ணைக் காட்டிலும் மருத்துவப் பதிவே நம்பத்தக்கது. மன்னோச்சி முதலியோர் 2002இல் வெளியிட்ட மூன்றாண்டு ஒப்பீட்டில், இழைத் தண்டும் காம்போசிட்டும் இட்ட முன்கடைவாய்ப் பற்கள், உறையிட்டவற்றுக்கு இணையாக நிலைத்தன. உறையிட அராவியெடுக்கும் நலமான பகுதி இம்முறையில் எஞ்சுகிறது. அம்முடிவைப் பெரிய கடைவாய்ப் பல்லுக்கு அப்படியே விரிப்பது பொருந்தாது. அங்கே விசை மிகுதி, ஆய்வுக்காலமும் குறுகியது.

காம்போசிட்டுக்கும் குறைகள் உண்டு. இறுகும்போது அது சுருங்கி முகடுகளை உள்நோக்கி இழுக்கும். கால்வாயைக் கழுவும் சோடியம் ஹைப்போகுளோரைட் பல பிசின்களின் பிடிப்பைக் குறைக்கிறது. அடைப்புப் பசையிலுள்ள யூஜினால் பிசின் இறுகுவதைத் தடுக்கிறது. இருப்பினும், டென்டினுக்கு நெருங்கிய விறைப்புள்ள இழைத் தண்டோடு நிரப்பிய பல் முறியும்போது, முறிவு பெரும்பாலும் ஈறுக்கு மேலேயே நிகழ்கிறது. அத்தகைய பல்லை மீண்டும் ஒட்டிச் சீரமைக்க இயலும். உலோகத் தண்டால் வேர் நெடுக்காகப் பிளந்த பல்லுக்கு அவ்வாய்ப்பு இல்லை.