தாழாத மரம்

இன்று உலகின் எந்த உல்லாசத் துறைமுகத்திலும் ‘காட்டமரான்’ என்ற பாய்ப்படகை வாடகைக்கு எடுக்கலாம். புறப்படுமுன் தலைவன் பயணிகளை நிறுத்தி வைத்து, மிதவை அங்கி எங்கே இருக்கிறது, தீச்சுடர் வெடியை எப்படிக் கொளுத்துவது, காற்றடைத்த உயிர்காப்புத் தெப்பத்தை எப்போது விரிப்பது என்றெல்லாம் பாடம் நடத்துவான். அந்தப் படகின் பெயர் நம் கரையிலிருந்து போனது. ஆங்கிலேய மாலுமி வில்லியம் டாம்பியர் சோழமண்டலக் கரையில் கண்ட கட்டுமரத்தைத் தமது 1697ஆம் ஆண்டுப் பயண நூலில் எழுதிவைத்தார். பெயர் நம்முடையதானாலும் உருவம் நம்முடையதன்று. இரண்டு ஓடங்களை இணைத்துச் செல்லும் முறை பசிபிக் தீவினரின் சொத்து. 1876இல் அமெரிக்கரான நத்தேனியல் ஹெரஷாஃப் அவ்வகையில் ‘அமரில்லிஸ்’ என்ற படகைக் கட்டி நியூயார்க் பந்தயத்தில் ஓட்டினார். அந்த இனத்துக்கு நம் சொல் ஒட்டிக்கொண்டது பெயர்க்குழப்பம்தான்.

குழப்பம் சொல்லோடு நிற்கவில்லை. இரட்டையுடல் படகு எளிதில் கவிழாது. ஆனால் கவிழ்ந்துவிட்டால் தலைகீழாகவே நிலைத்துவிடும். அதனாலேயே பல படகுகளில் உடலின் பக்கவாட்டில் தப்பிக்கும் சிறு கதவுகளை வைக்கிறார்கள். நம் கட்டுமரத்துக்கு அப்படியொரு கதவு ஏன் தேவைப்படவில்லை என்ற கேள்வியோடுதான் நாம் முட்டத்துக் கடற்கரையில் ஒரு முதியவரிடம் போய் நின்றோம். வலையிலிருந்து கண்ணெடுக்காமலே பதில் சொன்னார்: “உள்ளே இடமிருந்தாத்தானே மக்கா தண்ணி நிறையும்?”

எவ்வளவு எளிய விடை! கட்டுமரத்துக்கு உள் என்பதே கிடையாது. மூன்றோ நான்கோ ஐந்தோ தடிகளைக் கயிற்றால் பிணைத்தது அது. அலை மேலே ஏறினால் இடுக்குகள் வழியே இறங்கிப் போய்விடும். கவிழ்ந்தால் மரத்தில் இருந்தவர்களே புரட்டிவிட்டு மீண்டும் ஏறிக்கொள்ளலாம். குமரிக் கரையில் அல்பீசியா போன்ற இலேசான மரங்களே இதற்கு உகந்தவை. இலேசான மரம் நீரைக் குடிக்கும். குடித்த மரம் கனத்து மிதப்பை இழக்கும். எனவே கரையேறியதும் கட்டை அவிழ்த்துத் தடிகளைத் தனித்தனியே மணலில் உலரப் போடுவார்கள். நாம் சிறுவயதில் அதை ஏதோ பழுதுபார்ப்பு என்றே எண்ணியிருந்தோம். உண்மையில் அது அன்றாடம் நடந்த பாதுகாப்புச் சோதனை. மறுநாள் புதிதாகக் கட்டும்போது ஒவ்வொரு முடிச்சும் ஒருவரின் கைக்கும் கண்ணுக்கும் தப்பாமல் கடந்துபோகும்.

கட்டுமரமே ஒரு காலத்தில் உயிர்காப்புக் கருவியாக இருந்தது என்பதை இன்று பலர் அறியார். சென்னையில் செயற்கைத் துறைமுகம் எழுமுன் கப்பல்கள் தொலைவிலேயே நங்கூரமிடும். பயணிகள் மசூலாப் படகில் பேரலைகளைத் தாண்டிக் கரைசேர வேண்டும். படகு கவிழ்ந்தால் விழுந்தவர்களைத் தூக்குவதற்காகக் கட்டுமரக்காரர்கள் உடன் செல்வதுண்டு. உயிர் காத்தவர்களுக்குப் பதக்கம் அளிக்கப்பட்டதாகவும் பத்தொன்பதாம் நூற்றாண்டு வெள்ளையர் எழுத்துகள் சொல்கின்றன. தண்ணீர் புகாத தொப்பிக்குள் கடிதங்களை வைத்துக்கொண்டு கப்பலுக்கும் கரைக்கும் இடையே சென்றவர்களும் அவர்களே.

மிதப்பது ஒன்று, வழி தெரிவது வேறொன்று. நாஞ்சில் நாட்டுக் கரையில் இருந்து பார்த்தால் மலை எட்டிய தூரத்தில் இருக்கிறது. மருந்துவாழ் மலையும் அதற்கப்பால் மேற்குத் தொடர்ச்சியின் சிகரங்களும் முன்னே நிற்கும் கோயில் கோபுரங்களும் மாதா கோயில்களும் மீனவனுக்கு அடையாளங்கள். தொலைவிலுள்ள ஒன்றையும் அருகிலுள்ள ஒன்றையும் ஒரே கோட்டில் கொண்டுவந்து, வேறொரு திசையில் இன்னொரு கோட்டையும் பிடித்தால் கடலில் தானிருக்கும் புள்ளி கிடைத்துவிடும். இதனைக் கணியம் பார்த்தல் என்பர். 1875ஆம் ஆண்டின் முட்டம் கலங்கரை விளக்கம் இரவுக்கு ஓர் அடையாளத்தைச் சேர்த்தது. நீவாடு என்னும் நீரோட்டத்தின் போக்கு, கச்சான், கொண்டல், வாடை என்னும் காற்றுகளின் குணம், மேகத்தின் நிறம் ஆகிய அனைத்தையும் சேர்த்துப் படித்தபின்பே மரம் கடலில் இறங்கும். ஆயினும் இந்த அறிவுக்கு ஓர் எல்லை உண்டு: மலை கண்ணுக்குத் தெரியும் வரைதான்.

எழுபதுகளின் பிற்பகுதியிலும் எண்பதுகளிலும் நல்ல தடிகள் அரிதாகி விலையேறின. பெல்ஜியத்திலிருந்து வந்த பியர் கில்லே என்ற பாதிரியார் முட்டத்தில் ஒட்டுப்பலகையால் படகு கட்டும் முயற்சியில் இறங்கினார். இந்த அனுபவத்தை 1985இல் அவர் நூலாக எழுதினார். ‘சிறியதே கடினம்’ என்று தமிழில் சொல்லத்தக்க அதன் தலைப்பே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. தாழாத ஒன்றின் மீது தலைமுறைகளாக நின்றவனிடம் உள்ளீடற்ற பெட்டி ஒன்றைக் கொடுத்து நம்பு என்றால் எப்படி நம்புவான்? ஆனால் இயந்திரம் வந்தது, ஒட்டுப்பலகை வந்தது, பிறகு கண்ணாடியிழை வந்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் கொளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்று கரையெங்கும் மரங்கள் அடித்துச் செல்லப்பட்டன. நிவாரணமாக வந்தவை பெரும்பாலும் கண்ணாடியிழைப் படகுகள். நல்லெண்ணத்தில் செய்த அந்த உதவியே கட்டுமரத்தின் காலத்தைச் சுருக்கியது என்பது நம் கருத்து. அதைக் குறையாகச் சொல்லவில்லை. துடுப்பு வலித்துத் தேய்ந்த தோள்களுக்கு இயந்திரம் எவ்வளவு பெரிய விடுதலை என்பதை நாற்காலியில் அமர்ந்திருக்கும் நாம் மறந்துவிடக் கூடாது.

இயந்திரம் மலையை மறையச் செய்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய ஊர்களின் மீனவர்கள் சுறாவையும் சூரையையும் தேடி வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்குபவர்கள். 2017 நவம்பர் 29 அன்று இலங்கைக்கு அருகே இருந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் மறுநாள் காலைக்குள் புயலாகிக் குமரிமுனையை உரசிச் சென்றது. பெயர் ஒக்கி, வங்கமொழியில் கண் என்று பொருள். மீனவர்களுக்கான எச்சரிக்கை வருமுன்பே பலர் கடலில் இருந்தார்கள். ஆழ்கடலில் இருந்தவர்களின் நிலை இன்னும் கொடிது. கரையின் வானொலிக் கருவி சில பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் கேட்காது. கவிழ்ந்த படகின் அடிப்புறத்தைப் பற்றிக்கொண்டும் பிளாஸ்டிக் கேன்களைக் கட்டிப்பிடித்தும் நாட்கணக்கில் மிதந்தவர்கள் சிலர் மீண்டனர்; பிடி நழுவிய தோழர்களைக் கண்ணால் பார்த்துவிட்டு மீண்டனர். குமரி மாவட்டத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. டிசம்பர் 7 அன்று ஆயிரக்கணக்கான மீனவ மக்கள் நடந்தே வந்து குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் அமர்ந்தார்கள். அவர்கள் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை: தேடுங்கள் என்றுதான்.

ஆபத்தில் செயற்கைக்கோள் வழியே குறிப்பனுப்பும் கருவி 2010 முதலே இந்தியாவில் பயன்பாட்டில் இருந்தது. ஆனால் அது எல்லாப் படகுகளிலும் இல்லை. மேலும் குறிப்பு போய்ச் சேர்ந்ததா என்பதை அனுப்பியவன் அறிய வழியில்லை. 2024 ஜனவரியில் இஸ்ரோ அறிவித்த இரண்டாம் தலைமுறைக் கருவி அந்தக் குறையைப் போக்கியது. செய்தி கிடைத்ததென்ற மறுமொழி இப்போது படகுக்கே திரும்பி வரும்.

முட்டத்து முதியவரிடம் நாம் அந்தக் கருவியைப் பற்றிச் சொன்னபோது கவனமாகக் கேட்டார். “ஒக்கிக்கு முன்னே எல்லாவனுக்கும் குடுத்திருக்கலாமே மக்கா” என்று மட்டும் சொல்லிவிட்டு வலைக்குத் திரும்பினார். அவர் சாய்ந்திருந்த தடி கட்டவிழ்த்துப் பல ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும், நன்றாக உலர்ந்திருந்தது. சற்றுத் தள்ளி இரண்டு இளைஞர்கள் தெர்மாகோல் பாளங்களைச் சாக்கில் சுற்றி, கட்டுமரத்தின் அளவுக்கே கயிற்றால் இறுக்கிக் கொண்டிருந்தார்கள்.