மாணவர் வாடகை ஒப்பந்தம் (தமிழ்நாடு)

மாணவர் வாடகை ஒப்பந்தம் என்பது, படிப்புக்காக ஊர்விட்டு வந்து தங்கும் மாணவர்கள் வீட்டு உரிமையாளருடன் எழுத்தில் செய்துகொள்ளும் உடன்படிக்கை. வாடகை, முன்பணம், தங்கும் காலம், பராமரிப்பு, காலி செய்யும் முறை ஆகியவற்றை அது வரையறுக்கிறது. தமிழ்நாட்டில் மாணவர்களுக்கென்று தனி வாடகைச் சட்டம் கிடையாது. குடும்பங்களுக்குப் பொருந்தும் பொதுச் சட்டமே அவர்களுக்கும் பொருந்தும். அச்சட்டம் முக்கியமான சில பாதுகாப்புகளை ஒப்பந்தத்தின் வழியே விலக்கிக்கொள்ளவும் இடம் தருகிறது. எனவே கையொப்பமிடும் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதே பெரும்பாலும் மாணவரின் உரிமையைத் தீர்மானிக்கிறது.

சட்டப் பின்னணி

தமிழ்நாட்டில் நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது 1960ஆம் ஆண்டின் கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம். வாடகை உயராமல் தடுப்பதும், குடியிருப்பவரை எளிதில் வெளியேற்ற முடியாமல் செய்வதும் அதன் நோக்கம். அதற்குப் பதிலாக வந்தது தமிழ்நாடு சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்கள் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் முறைப்படுத்தும் சட்டம், 2017. இது 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. புதிய சட்டம் வாடகைக்கு உச்சவரம்பு விதிப்பதில்லை. இரு தரப்பும் ஒப்புக்கொண்ட தொகையே வாடகை. ஆனால் எழுத்துவழி ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கி, அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவும் சொல்கிறது. வாடகை அதிகாரி துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலர். பதிவானதும் ஒப்பந்தத்துக்குப் பதிவெண் வழங்கப்படும்.

வாடகை வீடும் பி.ஜி. விடுதியும்

நான்கைந்து மாணவர்கள் சேர்ந்து ஒரு வீட்டை எடுத்து, சாவியைத் தங்கள் வசம் வைத்திருந்தால் அது குத்தகை உறவு. பி.ஜி. (பேயிங் கெஸ்ட்) எனப்படும் விடுதியில் ஒரு கட்டிலும் அலமாரியும் பெற்று, உரிமையாளரின் மேற்பார்வையில் தங்கியிருந்தால் அது பொதுவாக அனுமதியின் பேரில் தங்குவது மட்டுமே. 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் இதை விளக்குகிறது. தாளின் தலைப்பில் என்ன பெயர் இருக்கிறது என்பதைவிட, இடத்தின் முழு வசமும் யாரிடம் இருக்கிறது என்பதே முக்கியம் என்று அசோசியேட்டட் ஹோட்டல்ஸ் எதிர் ஆர்.என். கபூர் வழக்கில் (1959) உச்ச நீதிமன்றம் கூறியது. வாடகைதாரருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பை விடுதிவாசி அப்படியே கோர முடியாது. அவருக்கு ரசீதும் விடுதி விதிகளுமே பிடிமானம்.

பெண்கள் விடுதிகள் 2014ஆம் ஆண்டின் தமிழ்நாடு பெண்கள் மற்றும் குழந்தைகளுக்கான விடுதிகள், இல்லங்கள் (முறைப்படுத்துதல்) சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெற்றிருக்க வேண்டும். விடுதிக் கட்டணத்தோடு ஜி.எஸ்.டி. கேட்கப்படுவதும் உண்டு. தொடர்ந்து 90 நாட்களுக்குக் குறையாமல் தங்குபவருக்கு, நபருக்கு மாதம் ரூ.20,000 வரையிலான தங்குமிடக் கட்டணத்துக்கு விலக்கு அளிக்க 2024 ஜூனில் ஜி.எஸ்.டி. மன்றம் பரிந்துரைத்தது, பின்னர் அது நடைமுறைக்கு வந்தது.

பதினொரு மாத வழக்கம்

ஒப்பந்தங்கள் பெரும்பாலும் பதினொரு மாதத்துக்கே எழுதப்படுகின்றன. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் கூறுவதே இதற்குக் காரணம். அந்தச் செலவையும் அலைச்சலையும் தவிர்க்கத்தான் பதினொரு மாதம். ஆனால் சார்பதிவாளரிடம் செய்யும் பதிவும் வாடகை அதிகாரியிடம் செய்யும் பதிவும் வெவ்வேறு. பதினொரு மாத ஒப்பந்தம் முன்னதிலிருந்து தப்பிக்கலாம், பின்னதிலிருந்து தப்பாது. ‘பதினொரு மாதம்தானே, பதிவெல்லாம் எதற்கு’ என்று தரகர்கள் சொல்வது 2019க்குப் பின் சரியல்ல. வாடகை அதிகாரியிடம் பதிவுக்கு விண்ணப்பிக்க வாடகைதாரருக்கும் வழி உண்டு.

கையொப்பமிடுவோர்

பிளஸ் டூ முடித்து முதலாண்டில் சேரும் பலருக்கு 18 வயது நிறைந்திருக்காது. 18 வயது நிறையாதவர் செய்யும் ஒப்பந்தம் தொடக்கம் முதலே செல்லாது என்பது 1903இல் மொகோரி பீபி எதிர் தர்மதாஸ் கோஷ் வழக்கில் பிரிவி கவுன்சில் தந்த தீர்ப்பு. இந்தியாவில் இன்றும் இதுவே நிலை. அத்தகைய மாணவருக்காகப் பெற்றோர் தம் பெயரிலேயே ஒப்பந்தம் செய்ய வேண்டும்.

நண்பர்கள் கூட்டாகக் கையொப்பமிடும்போது கவனிக்க வேண்டியது 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 43ஆம் பிரிவு. பலர் சேர்ந்து ஒரு வாக்குறுதி தந்தால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லியிராதவரை, அவர்களில் யார் ஒருவரிடமிருந்தும் முழுத் தொகையையும் கேட்டுப் பெறலாம். ரூ.16,000 வாடகைக்கு நால்வர் கையொப்பமிட்டு, ஒருவர் பாதியில் படிப்பை விட்டுப் போனால், அவருடைய ரூ.4,000 மற்ற மூவர் தலையில் விழும். ஒருவர் பெயரில் மட்டும் ஒப்பந்தம் இருந்தால் சுமை முழுவதும் அவருடையதே. மற்றவர்களுக்கோ வீட்டின்மீது எழுத்துவழி உரிமை எதுவும் இல்லை. ஒருவர் விலகினால் வேறொருவரைச் சேர்க்கலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது இதற்குத் தீர்வு. உரிமையாளரின் எழுத்துவழி ஒப்புதல் இல்லாமல் உள்வாடகைக்கு விடச் சட்டத்தில் இடமில்லை.

முன்பணம்

சென்னையில் ‘பத்து மாத அட்வான்ஸ்’ என்பது பழகிப்போன வழக்கம். 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11ஆம் பிரிவு முன்பணத்துக்கு மூன்று மாத வாடகையை வரம்பாக வைக்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் வேறுவிதமாக உடன்பட்டிருந்தால் அந்த வரம்பு பொருந்தாது. பத்து மாத முன்பணம் என்று எழுதிய தாளில் கையொப்பமிட்டவர் பிறகு மூன்று மாத வரம்பைக் காட்டி வாதாடுவது கடினம்; பேரம் பேச வேண்டிய நேரம் கையொப்பத்துக்கு முந்தையது. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கிகளைக் கழித்துக்கொண்டு முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் அதே பிரிவில் உள்ளது.

‘பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடித்தம்’ என்ற வரி பல ஒப்பந்தங்களில் காணப்படுகிறது. சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் சுவருக்கு வண்ணம் பூசுதல், குழாய்களை மாற்றுதல், கட்டடத்தின் அமைப்பு சார்ந்த பழுதுகள் ஆகியவை உரிமையாளர் பொறுப்பு. தண்ணீர்க் குழாய்த் திருகு, சுவிட்ச், பூட்டு, உடைந்த கண்ணாடி போன்ற சிறு பழுதுகள் வாடகைதாரர் பொறுப்பு. இங்கும் ஒப்பந்தத்தால் இந்தப் பங்கீட்டை மாற்றிக்கொள்ள முடியும். குடிபுகும் நாளில் சுவர்க்கறை, விரிசல், மின்விசிறி, கீசர் ஆகியவற்றைப் படமெடுத்து உரிமையாளருக்கு அனுப்பி வைத்தால், ‘இது நீங்கள் வந்த பிறகு ஆனது’ என்ற பேச்சுக்கு இடமிருக்காது. முன்பணத்தையும் வாடகையையும் வங்கி வழியாகவோ யுபிஐ வழியாகவோ செலுத்துவதும், ரசீது கேட்டு வாங்குவதும் பின்னாளில் சாட்சியாகும்.

மின்கட்டணம்

வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு நடக்கிறது. முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் துணை மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு இவ்வளவு என்று உரிமையாளரே விலை வைக்கும் வழக்கம் பரவலாக உள்ளது. அரசின் சலுகை வாடகைதாரரைச் சேருமா என்பது ஒப்பந்த வாசகத்தைப் பொறுத்தது. மின்வாரியக் கட்டண அட்டையின்படியா, தனி விலையா என்பதையும், தண்ணீர் லாரிக்கும் பராமரிப்புக்கும் யார் பணம் தருவது என்பதையும் எழுத்தில் வைப்பது தேவை.

உரிமையாளர் நுழைவும் வெளியேற்றமும்

பழுதுபார்க்கவோ பார்வையிடவோ உரிமையாளர் வீட்டுக்குள் வர 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் அறிவிக்க வேண்டும். வாடகைத் தகராறு இருந்தாலும் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தச் சட்டம் அனுமதிப்பதில்லை. இரண்டு மாத வாடகை பாக்கியானாலும் உரிமையாளர் தாமாகப் பூட்டுப் போட முடியாது. முறையாக அறிவிப்பு அனுப்பி, ஒரு மாதத்துக்குள் பணம் வராவிட்டால் வாடகை நீதிமன்றத்தை அணுக வேண்டும்.

மாணவர் தரப்பில் சிக்கலாவது, படிப்பு முடியும் காலமும் ஒப்பந்தம் முடியும் காலமும் ஒத்துப்போகாமை. ஒப்பந்தம் எதுவும் சொல்லாதபோது, மாத வாடகைக்கு 15 நாள் முன்னறிவிப்பு போதும் என்கிறது 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 106ஆம் பிரிவு. நடைமுறையில் ஒப்பந்தங்கள் ஒரு மாதமோ இரண்டு மாதமோ கேட்கின்றன. ‘ஆறு மாதத்துக்கு முன் காலி செய்தால் முன்பணம் திரும்பாது’ என்பது போன்ற விதியும் இருக்கலாம். தேர்வு அட்டவணையையும் கோடை விடுமுறையையும் இந்த வரிகளோடு வைத்துப் பார்த்த பிறகே கையொப்பமிடுவது நல்லது.

தகராறு தீர்வு

வாடகையைப் பெற்றுக்கொள்ள உரிமையாளர் மறுத்தால், சட்டம் சொல்லும் முறைப்படி அதை வாடகை அதிகாரியிடம் செலுத்தலாம். தண்ணீர், மின்சாரம் நிறுத்தப்பட்டாலும் முறையீடு அவரிடமே. வெளியேற்றம் குறித்த வழக்குகள் வாடகை நீதிமன்றத்துக்கும், மேல்முறையீடு வாடகைத் தீர்ப்பாயத்துக்கும் செல்லும். இந்த அமைப்புகள் முதலில் கேட்பது எழுத்துவழி ஒப்பந்தத்தை. கையொப்பமான பிரதி ஒன்றை மாணவர் தம்மிடம் வைத்திருக்க வேண்டும். ‘அப்புறம் தருகிறேன்’ என்று உரிமையாளரிடம் மட்டுமே இருக்கும் தாள் முறையீட்டின்போது மாணவருக்கு உதவாது.