தகடூரில் வீழ்ந்தவனின் கல்: அதியமான் நினைவும் தருமபுரி நடுகற்களும்

சேலத்திலிருந்து தருமபுரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், நகரை நெருங்கும் முன்னர் அதியமான்கோட்டை எதிர்ப்படுகிறது. அங்குள்ள அதியமான் கோட்டம், கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய அதியமான் நெடுமான் அஞ்சிக்கு அமைந்த நினைவிடம். ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்தவன் என்னும் செய்தியே (புறம். 91) பாடநூல்களிலும் மேடைகளிலும் அவனுக்குரிய அடையாளமாக நிலைபெற்றுள்ளது. ஆனால் அவன் மறைவுக்குப்பின் பாடப்பெற்ற புறநானூற்றுப் பாடல்கள் காட்டும் அதியமான் கொடையாளி மட்டுமல்லன். மார்பில் வேல் ஏற்று வீழ்ந்தவன், கல்லாகி நின்றவன். அந்த அதியமான் பொதுநினைவிலிருந்து ஏன் நழுவினான் என்பதையும், அவன் நாட்டில் பிற்காலத்தே எழுந்த நடுகற்கள் இவ்வினாவிற்கு என்ன விடை தருகின்றன என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

ஔவையாரின் மூன்று பாடல்கள் இங்கு அடிப்படைச் சான்றுகள். 235ஆம் பாட்டில் அவன் மார்பைத் துளைத்த வேல் பாணரின் உண்கலத்தையும் இரப்போர் கைகளையும் ஊடுருவிச் சென்று புலவர் நாவில் வீழ்ந்ததாகப் புலம்பல் அமைகிறது. 231ஆம் பாட்டு ஈமத்தீயைக் காட்டுகிறது. 232ஆம் பாட்டு நட்ட கல்லையும், அதற்குப் பீலி சூட்டிச் சிறுகலத்தில் நாரால் வடித்த கள்ளைப் படைப்பதையும் கூறி, நாட்டையே கொடுப்பினும் கொள்ளாத அவன் இதனைக் கொள்வானோ என வினவுகிறது. நூலின் வைப்புமுறை எதுவாயினும் வேல், தீ, கல் என ஓர் இறுதிச்சடங்கின் தொடர்ச்சி இவற்றுள் புலப்படுகிறது. மன்னனுக்கும் நடுகல் எடுக்கும் வழக்கு இருந்தமைக்கு 232ஆம் பாட்டு தெளிவான சான்று.

இவ்விடத்தில் ஒரு சிக்கலைச் சுட்டாமல் மேற்செல்ல இயலாது. தகடூரில் பொருது வீழ்ந்தவனாக 230ஆம் பாட்டின் கொளு குறிப்பது எழினியை. நெடுமான் அஞ்சியை அன்று. எழினி என்பது அஞ்சியின் மறுபெயரா, மகனின் பெயரா, வேறொருவனா என்பதில் கருத்து வேறுபாடு தொடர்கிறது. ‘அஞ்சி தகடூர்ப் போரில் இறந்தான்’ என எழுதும் நூல்கள் இரு வேறு கொளுக்களை ஒன்றாக்கியே அம்முடிவிற்கு வருகின்றன. அஃது உண்மையாகவே இருக்கலாம். எனினும் அஃது ஊகமே எனக் குறித்தல் ஆய்வுநெறி.

எழினியைப் பாடிய அரிசில்கிழாரே, தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையைப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் பாடியவர். வென்றவனைப் போற்றிய நா தோற்றவனுக்கும் இரங்கியது. அவ்விரங்கல் எழினியின் ஆட்சியை எவ்வாறு நினைவுகூர்கிறது என்பது கூர்ந்து நோக்கத்தக்கது: கன்றோடு கூடிய ஆநிரை காட்டிலேயே அச்சமின்றித் தங்கியது, வழிச்செல்வோர் விரும்பிய இடத்தில் உறங்கினர், களத்து நெற்குவை காவலின்றிக் கிடந்தது. அத்தகையவன் உயிரைக் கவர்ந்த கூற்றம், விதைநெல்லை உண்ட உழவன்போல் தனக்கே கேடு தேடிக்கொண்டது என்கிறார் புலவர்.

காவலின்றி ஆநிரை தங்கிய அதே நிலப்பகுதியில், சில நூற்றாண்டுகளுக்குப் பின், ஆநிரை காத்து மடிந்தோரின் கற்கள் எழுகின்றன.

தருமபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் வட்டாரங்களின் நடுகற்கள் 1970களில் தமிழ்நாடு தொல்லியல் துறையின் முயற்சியால் பெருமளவில் வெளிப்பட்டன. இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு ‘செங்கம் நடுகற்கள்’ 1972இல் வெளிவந்தது. தருமபுரிக் கல்வெட்டுகளின் தொகுதி 1975இல் வந்தது. (1965இல் உருவான தருமபுரி மாவட்டத்திலிருந்து 2004இல் கிருஷ்ணகிரி பிரிந்தது. ஆகவே அக்காலப் பதிப்புகளில் ‘தருமபுரி மாவட்டம்’ எனக் குறிக்கப்பெறும் ஊர்களுள் பல இன்று கிருஷ்ணகிரிக்கு உரியவை. இதனைக் கருதாத இடப்பரவல் வரைபடங்கள் பிழைபடுகின்றன.)

இக்கற்களுள் தொன்மையானவை வட்டெழுத்தில் அமைந்தவை. பல்லவ, கங்க மன்னர்களின் ஆட்சியாண்டைச் சுட்டுபவை. மன்னன் பெயர், ஆண்டு, வீரன் யாருடைய சேவகன், எந்தத் தொறுப்பூசலில் பட்டான் என்பனவே உள்ளடக்கம். தொறு என்பது ஆநிரை. சில சொற்களில் முடியும் இப்பொறிப்புகளில் புகழ்மொழி அரிது. செங்கம் பகுதி எடுத்தனூர்க் கல், எருமை காத்து இறந்த கருந்தேவக்கத்தியோடு, கள்வரைக் கடித்துக் காத்துநின்ற கோவிவன் என்னும் நாயின் பெயரையும் பொறித்துள்ளது. அந்நாய்க்குப் பெயருடன் கூடிய கல்லெழுத்துச் சான்று உண்டு. தகடூர் மன்னன் தன் நடுகல்லோ இதுகாறும் கிடைத்திலது.

அதியமான் பெயர் தாங்கிய கல்லெழுத்து ஒன்று உண்டு. 1981இல் திருக்கோவலூரை அடுத்த ஜம்பையில் கண்டறியப்பெற்ற தமிழ்-பிராமிக் கல்வெட்டு, அசோகனின் இரண்டாம் பாறைக் கட்டளை குறிக்கும் சத்தியபுத்திரரோடு அதியமான் நெடுமான் அஞ்சியை இணைத்தது. அவன் கோவலூரை வென்றதைப் புறம். 99 கூறுவதால், கல்வெட்டின் இருப்பிடமும் பொருந்துகிறது. ஆயினும் அது போரைப் பேசவில்லை. முனிவர் உறைவிடம் ஈந்ததையே பேசுகிறது. கல்லிலும் அவன் கொடையாளியாகவே எஞ்சினான் என்பது வியப்பிற்குரிய ஒற்றுமை. நெல்லிக்கனி நினைவு மேலோங்கியதற்கு இதனையே காரணமாக்க இயலாது. அந்நினைவு இக்கண்டுபிடிப்பிற்கு மிக முந்தியது. வள்ளன்மையைத் தனிமரபாகத் தொகுத்த பிற்கால மனப்பாங்கே காரணமாதல் கூடும். கொடைக்கு எழுவர் பட்டியல் உண்டு. களத்தில் வீழ்ந்தோர்க்கு அத்தகைய பட்டியல் ஏதும் மரபில் உருவாகவில்லை.

தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்னும் கல்நிலைகளை ஆகோள் பேசும் வெட்சித்திணையின் பகுதியில் வைத்திருப்பதும் இங்கு எண்ணத்தக்கது. நடுகல் அடிப்படையில் ஊரின், மந்தையின் நினைவுச்சின்னம், அரண்மனையினது அன்று. மன்னனுக்கு எடுத்த கல் அவ்வழக்கினின்று பெற்ற மதிப்பாகும். அரசு அழிந்தபின் மன்னன் கல்லுக்குப் படையலிடுவோர் இல்லாது போயிருத்தல் வேண்டும். தொறு காத்தவன் கல்லுக்கோ அவ்வூரும் அக்கால்வழியும் இருந்தன. இக்கற்களுள் பல இன்றும் வேடியப்பன் எனும் பெயரில் வழிபாட்டில் உள்ளன. வீரனின் காலருகே கெண்டி செதுக்கப்பெற்ற கற்களைக் காணும்போது, ஔவையார் சுட்டிய சிறுகலம் நினைவிற்கு வருவதைத் தவிர்க்க இயலவில்லை.

தருமபுரி நகரிலுள்ள அகழ்வைப்பகத்தில், பல ஊர்களிலிருந்து கொணர்ந்த நடுகற்கள் வைக்கப்பெற்றுள்ளன. சாலைப் பணியிலும் நிலச் சமன்பாட்டிலும் சிதையவிருந்தவற்றை இது காத்துள்ளது என்பதில் ஐயமில்லை. எனினும் ஏரிக்கரையிலோ மேய்ச்சல் எல்லையிலோ நின்ற கல், பூசல் நிகழ்ந்த இடத்தைத் தன் இருப்பாலேயே கூறிக்கொண்டிருந்தது. பெயர்த்தபின் அச்செய்தி பதிவேட்டின் ஊர்ப்பெயராகச் சுருங்குகிறது. மறுபுறம், வழிபாட்டிலுள்ள கற்களில் எண்ணெயும் மஞ்சளும் சுண்ணாம்பும் எழுத்தை மூடுகின்றன. ஆனால் அவ்வழிபாடே அக்கல்லை உடைபடாது காத்தும் வருகிறது. எழுத்து இழப்பதா, இடம் இழப்பதா என்னும் தேர்வில், முறையான மைப்படியும் இட அளவீடும் எடுத்தபின் கல்லை அதன் இடத்திலேயே விடுவது மேல் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. வழிபாட்டிலுள்ள கற்களின் திசை, சூழ்ந்த நீர்நிலை, படையல் முறை, வழிபடும் குடியினர் கூறும் கதை ஆகியவற்றை எழுத்துப் பாடத்தோடு சேர்த்துப் பதிவுசெய்யும் பணி, இம்மாவட்டத்தில் இன்னும் ஊர்தோறும் செய்யப்பட வேண்டியுள்ளது.