கழற்றி மாட்டும் கணினி: ரிச்சி தெருவிலிருந்து கும்மிடிப்பூண்டி எடைமேடை வரை

சென்னை சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து கிளம்பும் புறநகர் மின்ரயில்கள் மேற்கே திருவள்ளூருக்கும் வடக்கே கும்மிடிப்பூண்டிக்கும் போகின்றன. இரண்டு ஊர்களும் நாற்பது கிலோமீட்டரைச் சற்றே தாண்டிய தொலைவில் இருக்கின்றன. சென்ட்ரலில் இறங்கினால் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர். பாகங்களைத் தனித்தனியே வாங்கிக் கணினி சேர்க்கும் தொழில் திருவள்ளூர் மாவட்டத்தில் வேர்பிடித்ததற்கு இந்த நில அமைப்பையே முதல் காரணமாகச் சொல்ல வேண்டும். காலையில் ரயிலேறும் கடைக்காரர் மதர்போர்டு, ப்ராசஸர், ரேம், கேபினட் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு பிற்பகலுக்குள் ஊர் திரும்பிவிடலாம். சரக்கு தேக்கிவைக்கத் தனி முதல் வேண்டியதில்லை. வாடிக்கையாளர் கொடுக்கும் முன்பணமே முதல்.

இந்தத் தொழிலைப் பற்றிப் பரவலாக உள்ள கருத்து ஒன்று உண்டு. அசெம்பிள்டு கணினி மலிவாகக் கிடைத்தது, அதனால் விற்றது. பிராண்டு கணினிகளின் விலை இறங்கியதும் அதன் கதை முடிந்தது என்பார்கள். சென்னைக்கு வடக்கே உள்ள தொழிற்பகுதியின் அனுபவம் இதை ஏற்க விடவில்லை. விலை வித்தியாசம் மறைந்து இருபது ஆண்டுகள் ஆகப்போகின்றன. ஆனாலும் இரும்பாலைகளின் அலுவலக அறைகளில் பெயரில்லாத கறுப்புப் பெட்டிகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றைக் காப்பாற்றி வருவது விலையல்ல, கெட்டுப்போன பாகத்தை மட்டும் கழற்றி மாற்ற முடிகிற வசதி. இப்போது ஆட்டம் கண்டிருப்பது அந்த வசதிதான்.

வரியும் பெட்டியும்

1981 ஆகஸ்டில் ஐபிஎம் வெளியிட்ட பெர்சனல் கம்ப்யூட்டரின் பெரும்பாலான பாகங்கள் பிற நிறுவனங்களிடமிருந்து வாங்கப்பட்டவை. ஐபிஎம்முக்கே உரியதாக இருந்தது கணினியைத் துவக்கும் பயாஸ் நிரல் மட்டும். அதைக் காம்பேக் 1982-இல் சட்டத்துக்கு உட்பட்டுப் புதிதாக எழுதிக்கொண்டது; 1984-இல் ஃபீனிக்ஸ் நிறுவனம் அப்படியொரு பயாஸை யார் கேட்டாலும் விற்கத் தொடங்கியது. அதன்பிறகு தைவானில் போர்டு செய்ய எந்தத் தடையும் இருக்கவில்லை. அதே 1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசு வெளியிட்ட கணினிக் கொள்கை உதிரிபாக இறக்குமதியை எளிதாக்கியது. சென்னையில் இதன் பலனை முதலில் அறுவடை செய்தவர்களில் ஸ்டெர்லிங் கம்ப்யூட்டர்ஸ் சி. சிவசங்கரன் முக்கியமானவர். மற்ற நிறுவனங்கள் இரண்டு மடங்குக்கு மேல் விலை சொன்ன காலத்தில் அவருடைய ‘சிவா பிசி’ 33,000 ரூபாய்க்கு விற்றது. கணினி என்பது பாகங்களின் கூட்டுத்தொகைதான் என்ற உண்மையைத் தமிழ்நாட்டு வணிகர்கள் அப்போதுதான் பார்த்தார்கள் என்பது என் கணிப்பு.

பெரிய நிறுவனம் செய்ததைச் சிறு கடை செய்வதற்கு இன்னும் பத்தாண்டு தேவைப்பட்டது. 1995-இல் இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் அளவுமுறை வந்ததும் எந்த போர்டும் எந்த கேபினட்டிலும் உட்கார்ந்தது. திருகுத்துளைகள்கூட ஒரே இடத்தில் அமைந்தன. இன்டெல் நிறுவனமே ‘ஜெனுயின் இன்டெல் டீலர்’ என்ற திட்டத்தின்கீழ் சிறு அசெம்பிளர்களுக்கு அங்கீகாரம் தந்தது. வானொலி, டேப்ரெக்கார்டர் உதிரிகளுக்குப் பேர்போன ரிச்சி தெருவும் அதையொட்டிய நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு ஆகியவையும் ஹார்டுடிஸ்க், ரேம் சந்தையாக மாறின. 1997-இல் செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து பிரிந்து உருவான திருவள்ளூர் மாவட்டத்துக்குப் பிரவுசிங் சென்டர்களும் தட்டச்சுப் பயிலகங்களிலிருந்து உருமாறிய கணினிப் பயிற்சி மையங்களும் வந்து சேர்ந்த நேரமும் அதுதான்.

அந்த நாளில் விலை வித்தியாசம் உண்மையிலேயே பெரிது. பிராண்டு கணினிக்குக் கலால் வரி, விற்பனை வரி, விளம்பரச் செலவு எல்லாம் உண்டு. கடையில் சேர்த்த கணினிக்குப் பல நேரம் பில்லே கிடையாது. “பில் போட்டா ஒரு ரேட், போடாட்டி ஒரு ரேட்” என்று வெளிப்படையாகவே பேரம் நடந்தது. தொழில் சங்கமான மெய்ட்டின் அன்றைய கணக்கெடுப்புகளில் இந்தியாவில் விற்ற மேசைக் கணினிகளில் பாதிக்கு மேல் அசெம்பிள்டு வகையாக இருந்ததற்கு வரி ஒரு முக்கியக் காரணம். இதை இங்கே மறைக்கத் தேவையில்லை. இந்தக் காலத்தைச் சுதேசித் திறமையின் பொற்காலமாக வருணிப்பவர்கள் உண்டு. திறமை இருந்தது, வரி ஏய்ப்பும் இருந்தது.

பிறகு அந்த இடைவெளி மூடியது. 1997-இல் கையெழுத்திட்ட தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தின்படி 2005-க்குள் கணினிக்கும் பாகங்களுக்கும் இறக்குமதித் தீர்வை சுழியத்துக்கு இறங்கியது. 2004 ஜூலை வரவுசெலவுத் திட்டத்தில் ப. சிதம்பரம் கணினி மீதான கலால் வரியை நீக்கினார். அந்த வரி 2006-இல் திரும்பவும் வந்தது, ஆனால் அதற்குள் பிராண்டு விலைகள் கீழே வந்துவிட்டன. புதுச்சேரியில் ஹெச்சிஎல், ஏசர் போன்றவற்றின் ஆலைகள் இயங்கின. 2007-இல் டெல் நிறுவனம் பக்கத்து மாவட்டத்தின் ஸ்ரீபெரும்புதூரில் ஆலை திறந்தது. சீனாவிலிருந்து வந்த பாகங்களை அங்கேயும் திருகாணி போட்டுத்தான் பூட்டினார்கள். ஆனால் ஒரு ஷிப்டில் பூட்டியது, ஒரு கடை ஓராண்டில் பூட்டியதைவிட அதிகம்.

காக்களூர், 2011

வீட்டுக் கணினிச் சந்தை கைமாறியதற்கு ஒரு நாளைக் குறிக்க வேண்டுமானால் 2011 செப்டம்பர் 15-ஐக் குறிக்கலாம். திருவள்ளூரை அடுத்த காக்களூரில் அன்று முதலமைச்சர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். முதலாண்டு இலக்கு 9.12 லட்சம் மாணவர்கள். அடுத்த ஆண்டுகளில் மொத்தம் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. அரசு நிறுவனமான எல்காட் ஒப்பந்தப்புள்ளி கோரி, பெரிய நிறுவனங்களிடமிருந்து மொத்தமாகக் கொள்முதல் செய்தது. பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைக்காகச் சீட்டுப் பணம் எடுத்து அசெம்பிள்டு கணினி வாங்கிய குடும்பங்களுக்கு அந்தச் செலவு மிச்சமானது. சிறு நகரக் கடைகளுக்கு ஜூன் மாதச் சீசன் அதோடு போயிற்று. திட்டம் நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். அரசின் ஒற்றை ஆணை ஒரு பொருளின் வடிவத்தையே முடிவு செய்துவிட்டது என்பதுதான் வரலாற்று ஆய்வாளருக்கு முக்கியம்.

ஏறக்குறைய அதே காலத்தில் உலக அளவிலும் சாவுமணி அடித்தது. இன்டெல்லின் பிராட்வெல் ப்ராசஸர்கள் போர்டில் சூடுவைத்து ஒட்டப்பட்டே வரும், சாக்கெட் இராது என்று 2012 இறுதியில் செய்திகள் பரவின. 2013 ஜனவரியில் டெஸ்க்டாப் மதர்போர்டு தொழிலைக் கைவிடுவதாக இன்டெல் அறிவித்தது. ‘ஒரிஜினல் இன்டெல் போர்டு’ என்று சொல்லியே விற்றுப் பழகியவர்களுக்கு இது பெரிய அடிதான். ஆனால் ஆசுஸ், ஜிகாபைட், எம்எஸ்ஐ அந்த இடத்தை நிரப்பின. 2015-இல் சாக்கெட்டில் மாட்டும் பிராட்வெல்லும் வந்தது. அந்த முறை தொழில் பிழைத்துக்கொண்டது.

எடைமேடை அறை

எப்படிப் பிழைத்தது என்பதைக் கும்மிடிப்பூண்டியில்தான் தெளிவாகப் பார்க்கலாம். சிப்காட் வளாகத்திலும் சுற்றுப்புறத்திலும் இரும்பை உருக்கும் இண்டக்‌ஷன் உலைகள், ரோலிங் மில்கள், வார்ப்படச் சாலைகள் இருக்கின்றன. பழைய இரும்பு ஏற்றிய லாரி உள்ளே வரும்போது ஒரு முறையும் கம்பி ஏற்றி வெளியே போகும்போது ஒரு முறையும் எடைமேடையில் ஏறி இறங்கும். மேடையின் அடியில் உள்ள லோடுசெல்கள் அனுப்பும் மின்குறியை ஓர் இண்டிகேட்டர் எண்ணாக மாற்றி, ஒன்பது முனை சீரியல் கேபிள் வழியாகக் கணினிக்கு அனுப்பும். மென்பொருள் அதைக் காம்-1 போர்ட்டில் படித்துக்கொள்ளும். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கார்பன் தாளோடு மூன்று படி அடித்துத் தரும். ஒன்று டிரைவருக்கு, ஒன்று கேட்டுக்கு, ஒன்று கணக்குக்கு.

புது மடிக்கணினியில் சீரியல் போர்ட் இல்லை. யுஎஸ்பி மாற்றிகள் உண்டு, ஆனால் செருகிக் கழற்றும் ஒவ்வொரு முறையும் போர்ட் எண் மாறிக்கொண்டால் இரவு ஷிப்டில் அதைத் திருத்த ஆள் கிடையாது. தனியே விற்கும் மதர்போர்டுகள் பலவற்றில் இன்றும் காம் போர்ட்டுக்கான முனை இருக்கிறது. அந்த ஒரு காரணத்துக்காகவே அசெம்பிள்டு பெட்டி வாங்கப்படுகிறது.

பழுதுகளும் அந்த இடத்துக்கே உரியவை. இரும்புத்தூள் கேபினட்டுக்குள் படியும். ‘டிஸ்ப்ளே வரல’ என்ற புகார் வந்தால் கடைப்பையன் புளோயரால் தூசியை ஊதிவிட்டு, ரேமைக் கழற்றி, அதன் பித்தளை நிறப் பற்களை அழிரப்பரால் தேய்த்து மறுபடி செருகுவான். பெரும்பாலும் அதிலேயே பெட்டி உயிர்பெற்றுவிடும். உலையின் மின்சுமை ஏறி இறங்கும்போது வோல்டேஜ் துள்ளுவதால் மின்வழங்கியான எஸ்எம்பிஎஸ் போகும். அதை மட்டும் மாற்றினால் போதும். போர்டில் உள்ள காசு வடிவ பேட்டரி தீர்ந்துபோனால் தேதி பல ஆண்டு பின்னுக்குப் போய்விடும்; எடைச்சீட்டில் அந்தத் தேதியே அச்சாகும், லாரி கேட்டில் நிற்கும். தீர்வு சில பத்து ரூபாயில் கிடைக்கும் ஒரு பேட்டரி. இதே பழுதுக்குச் சர்வீஸ் சென்டரில் பதிவு செய்து ஆளுக்காகக் காத்திருக்க எந்த மில்லாலும் முடியாது. மில் முதலாளிகள் சேமிப்பது ரூபாயை அல்ல, லாரி நிற்கும் நேரத்தை.

இந்தத் தேவைக்குச் சக்தி வாய்ந்த கணினி வேண்டாம் என்பதால் சந்தை விசித்திரமான ஒரு திசையில் போயிருக்கிறது. 2011-இல் வந்த ஹெச்-61 சிப்செட்டுக்கு இன்றும் புது போர்டுகள் விற்கின்றன. அதில் 2012-ஐச் சேர்ந்த, வெளிநாட்டு அலுவலகங்களிலிருந்து கழித்துக்கட்டிய ஐ-5 ப்ராசஸரை மாட்டி, புது கேபினட்டில் வைத்துத் தருகிறார்கள். கேபினட்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் பெரும்பாலும் சென்னையின் ஜீப்ரானிக்ஸ் போன்ற பெயர்களில் வருபவை. பார்வைக்குப் புதிது, உயிர் பழசு. அடித்தட்டுச் சந்தையில் புதிய கணினி சேர்ப்பது என்பதே பல கடைகளில் இப்போது இதுதான்.

இறுகும் பக்கங்கள்

இந்த ஏற்பாட்டை இப்போது மூன்று பக்கமும் இறுக்குகின்றன.

முதலாவது மென்பொருள். 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற்கும் இன்டெல் ப்ராசஸர்கள், சில விதிவிலக்குகள் நீங்கலாக, எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தையவையும்தான். ஹெச்-61 பெட்டிகள் எல்லாம் இந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கின்றன. இணையத்தோடு இணையாத எடைமேடைக் கணினிக்கு இது உடனடித் துன்பமல்ல. இணையத்தில் இ-வே பில் போடும் கணினிக்குத் துன்பம்தான்.

இரண்டாவது வடிவமைப்பு. ஆப்பிள் 2020 நவம்பரில் எம்-1 சில்லோடு நினைவகத்தையும் ஒரே பொதிக்குள் கொண்டுவந்தபோது அது ஆப்பிளின் வழக்கம் என்று விட்டுவிட்டார்கள். 2025 பிப்ரவரியில் ஃப்ரேம்வொர்க் அறிவித்த டெஸ்க்டாப்பை அப்படித் தள்ள முடியாது. பாகங்களைக் கழற்றி மாற்றலாம் என்பதையே கொள்கையாகக் கொண்டு தொடங்கிய நிறுவனம் அது. அதுவே ரேமைப் போர்டில் ஒட்டி விற்றது. கழற்றும் ரேமைப் பொருத்த ஏஎம்டியோடு சேர்ந்து முயன்றும், அதிலுள்ள ஏஎம்டி ப்ராசஸருக்குத் தேவையான வேகத்தில் மின்குறி நிலைத்து நிற்கவில்லை என்று விளக்கம் தந்தது. வேகம் கூடக்கூடச் செருகுமுனையே இடையூறாகிறது. வணிகச் சூழ்ச்சி என்று இதை முழுதாக ஒதுக்க முடியாது. இயற்பியலும் அந்தப் பக்கம் நிற்கிறது.

மூன்றாவது, விலை. 2025-இன் பிற்பகுதியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டதால் சில்லறை ரேம் விலை சில மாதங்களில் பல மடங்கு ஏறியது. டிசம்பர் 3-ஆம் தேதி மைக்ரான் நிறுவனம் தன் ‘குரூஷியல்’ சில்லறை வணிகத்தையே மூடுவதாக அறிவித்தது. ஆயிரக்கணக்கில் வாங்கும் கணினி நிறுவனங்களுக்கு ஒப்பந்த விலை உண்டு. ஒற்றை ரேம் வாங்க ரயிலேறி வரும் கடைக்காரருக்கு அன்றைய விலைதான். முதல் போடாமல் நடத்திய தொழிலின் பலவீனம் இங்கே வெளிப்படுகிறது: தேக்கிவைத்த சரக்கு இல்லாதவருக்கு விலையேற்றத்தைத் தாங்கும் மெத்தையும் இல்லை.

அரசுக் கொள்கையில் இந்தக் கடைக்காரருக்கு இடமே இல்லை. 2023 மே மாதம் ஒப்புதல் பெற்ற 17,000 கோடி ரூபாய் உற்பத்தி ஊக்கத் திட்டமும், அதே ஆண்டு ஆகஸ்டில் மடிக்கணினி இறக்குமதிக்கு அறிவிக்கப்பட்ட கட்டுப்பாடும் பேசுவது ஆலைகளின் மொழியில். ஒப்பந்த உற்பத்தி நிறுவனமான ஃப்ளெக்ஸின் ஸ்ரீபெரும்புதூர் ஆலை ஹெச்பி கணினிகளைச் செய்கிறது. 2023 அக்டோபர் முதல் குரோம்புக்குகளும் அங்கே உருவாகின்றன. அந்த உற்பத்தி வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. பழுது பார்க்கும் கடைகளையும் மின்னணுத் தொழிலின் ஒரு பகுதியாக எண்ணிப் பார்த்திருக்கலாம் என்பதே என் குறை.

2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள், பொருளை விற்ற உற்பத்தியாளரே அதன் மறுசுழற்சிக்குப் பொறுப்பு என்கின்றன. பெயரே இல்லாத பெட்டிக்கு உற்பத்தியாளர் என்று யாரைக் காட்டுவது? அந்தப் பெட்டி பழைய இரும்புக் கடைக்குப் போய், அதன் தகட்டுக் கூடு அதே கும்மிடிப்பூண்டி உலைகளில் ஒன்றுக்கு ஸ்கிராப்பாக வரக்கூடும். போர்டு எங்கே போகிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

எடைமேடை இண்டிகேட்டர்களில் ஈதர்நெட்டும் யுஎஸ்பியும் உள்ளவை இப்போது சந்தையில் கிடைக்கின்றன. இண்டிகேட்டர் எளிதில் கெடும் பொருளல்ல. மில்கள் அதை அவசரப்பட்டு மாற்றுவதில்லை. அது மாறும் நாளில் காம் போர்ட்டுக்கு வேலை இல்லாமல் போகும், மேசையில் எந்தக் கணினி இருந்தாலும் போதும் என்றாகும். ஆகவே இந்த வட்டாரத்தில் அசெம்பிள்டு கணினியின் ஆயுளைக் கணிக்க விரும்புபவர், மைக்ரானின் அறிவிப்புகளுக்குச் சமமாக மில்களின் கொள்முதல் பதிவேடுகளையும் பார்க்க வேண்டும்.